இரேசரைத் தொடாதே

அன்புள்ள மகளுக்கு,

சித்தி எழுதுவது. நீ செய்து அனுப்பிய கல்யாண பேனர் வந்தது. எழுத்தை அடுக்கிய விதம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் மணப்பெண்ணின் கொண்டையைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடுகிறது. தலையில் வைத்த மல்லிகைச் சரத்தில் பாதியைக் காணோம். கோப்பைத் திறந்து பார்த்தால், பின்னணியை இரேசரால் அழித்திருக்கிறாய். சேமித்து மூடியாகிவிட்டதால், போன பூ அந்தக் கோப்பில் இனி இல்லை. போட்டோஷாப் கற்க எந்த யூடியூப் சேனல் நல்லது என்று கேட்டிருந்தாய். எதை வேண்டுமானாலும் பார். ஆனால் முதலில் மாஸ்க் பழகு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

லேயர் மாஸ்க் என்பது படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் வெள்ளை இருக்கும் இடத்தில் உன் படம் தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் மறையும், சாம்பல் இருந்தால் பாதி தெரியும். பிரஷுக்கு ‘பி’, கறுப்பையும் வெள்ளையையும் மாற்ற ‘எக்ஸ்’. பூவைத் தப்பாக மறைத்துவிட்டாயா? ‘எக்ஸ்’ அழுத்தி வெள்ளையால் தடவு, திரும்பி வந்துவிடும். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு மாஸ்கின் சிறுபடத்தைக் கிளிக் செய்தால் மாஸ்க் மட்டும் திரையில் வரும். படத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தப்பிய அழுக்குப் புள்ளிகள் அங்கே அம்பலமாகும். ஃபைலைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் இப்படிப் பார்த்துவிடு.

கொண்டையைப் பின்னணியிலிருந்து வெட்டியெடுக்கும்போது பேனர் கடைகளில் ‘செலக்ட் சப்ஜெக்ட்’ பொத்தானைத் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அது மோசமில்லை. ஆனால் பிரிந்து நிற்கும் முடிக்கு சேனல்தான் கைகொடுக்கும். சேனல்ஸ் பேனலில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பார். முடி கறுத்தும் பின்னணி வெளுத்தும் எதில் நன்றாகப் பிரிகிறதோ அதை நகலெடு. பின்னால் வானம் என்றால் பெரும்பாலும் நீலம். மஞ்சள் சுவர் என்றால் நீலத்தில் சுவரும் இருண்டுவிடும், அப்போது சிவப்பு. நகலில் லெவல்ஸைக் கொண்டு முடியை முழுக் கறுப்புக்கும் சுவரை முழு வெள்ளைக்கும் தள்ளி, இன்வர்ட் செய்து, கண்ட்ரோலைப் பிடித்தபடி அந்தச் சேனலைக் கிளிக் செய். ஒவ்வொரு இழையாகத் தேர்வாகியிருக்கும். அதை மாஸ்க் ஆக்கிவிடு.

நம் ஊர்க் கல்யாணப் படத்தில் இந்த வித்தை பூவிடம் தோற்றுப்போகும். முடி கறுப்பு, பூ வெள்ளை, சுவரும் வெள்ளை. எந்தச் சேனலிலும் மல்லிகை சுவரோடு சேர்ந்துகொள்ளும். அங்கே பென் டூலை எடுத்துச் சரத்தின் ஓரத்தைக் கையால் போட்டுத்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு மொட்டையும் சுற்றாதே. புள்ளி குறைவாக இருந்தால்தான் வளைவு இயல்பாக வரும். சேலைக் கரை, தோள், நகை எல்லாவற்றுக்கும் பென், முடிக்குச் சேனல். இரண்டையும் ஒரே மாஸ்கில் சேர்த்துவிடலாம்.

இந்த வசதிகளையெல்லாம் ஆரம்பத்திலிருந்தே எல்லோரும் அனுபவித்தார்கள் என்று நினைக்காதே. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் நோல், தம்பி ஜானோடு சேர்ந்து உருவாக்கியதுதான் போட்டோஷாப். அடோபி அதை 1990இல் வெளியிட்டது. லேயர் வந்ததோ 1994இல், மூன்றாம் பதிப்பில். செய்த வேலையில் பல படி பின்னால் போக உதவும் ஹிஸ்டரி 1998இல்தான் வந்தது. அதுவரை ஒரே ஒரு அன்டூ. அந்தக் காலத்துக்காரர்கள் கைநடுங்க வேலை பார்த்தார்கள் என்றால் நியாயம். உனக்கு என்ன தலையெழுத்து? வாடிக்கையாளர் மூன்று தடவை மாற்றச் சொல்வார், நான்காவது தடவை பழையதே நல்லா இருந்தது என்பார். அன்றைக்கு உன்னைக் காப்பாற்றப்போவது திருப்பி மாற்றக்கூடிய கோப்புதான்.

நிறத் திருத்தத்துக்கும் இதே கணக்கு. படத்தின் மேலேயே கர்வ்ஸ் போடாமல் அட்ஜஸ்ட்மென்ட் லேயராகப் போடு. “கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க” என்று கேட்பவர்கள் நிறைய. முகத்தில் விழுந்த நிழலைத் தூக்கிக் கொடு. தோலை வெளுப்பாக்கிக் கொடுக்காதே. கழுத்தும் கையும் ஒரு நிறம், முகம் மட்டும் மாவு பூசினாற்போல் வேறொரு நிறம் என்று நிற்கும் பேனர்கள் ஊர் முழுக்க இருக்கின்றன. உன்னுடையது அதில் சேர வேண்டாம்.

அச்சுக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் தவறினால் தண்டம். வாட்ஸ்அப்பில் படமாக வருவது வழக்கமான தரத்தில் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். பத்திரிகைக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும்; 1600ஐ 300ஆல் வகுத்துப் பார், ஐந்தே கால் அங்குலம் சொச்சம்தான் தேறும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல். தூரத்திலிருந்து பார்க்கிற ஃப்ளெக்ஸுக்கு 72 கூடப் போதும். சின்ன எழுத்துக்கு கே 100 கறுப்பு மட்டும் கொடு. நாலு கலரும் சேர்ந்த கறுப்பைக் கொடுத்தால், தகடு ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும். திரையில் பளீரென்று இருந்த நீலம் அச்சில் மங்கிக் கத்தரிப்பூப் பக்கம் சாயும், அதை முன்கூட்டியே சொல்லிவிடு, சண்டை மிச்சம்.

மாதச் சந்தா கட்ட முடியாது என்று கிராக் போடாதே. ஜிம்ப் இலவசம், 1996 முதல் இருக்கிறது. மாஸ்க், கர்வ்ஸ், சேனல் எல்லாம் அதிலும் உண்டு. பல விசைகள் மட்டும் வேறு.

கடைசியாக, பேனரில் ‘கொ’ ஏன் உடைந்து வருகிறது என்று கேட்டிருந்தாய். ஒற்றைக்கொம்பு தன் இடத்தை விட்டு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், மென்பொருளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். இதனாலேயே பல கடைகளில் இன்னமும் பாமினியில் அடிக்கிறார்கள். அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் அத்தனையும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். நீ யூனிகோடிலேயே அடி. பழைய போட்டோஷாப் என்றால் பிரிஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்து, புதுக் கோப்பில் ‘கொடி’, ‘கோலம்’, ‘ஸ்ரீ’ மூன்றையும் அடித்துப் பார். சரியாக வந்தால் பேனரைத் திரும்பச் செய்து, ஜேபெக்காக வேண்டாம், லேயர் எல்லாம் இருக்கிற பிஎஸ்டியாகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
சித்தி