பனியாற்றின்மேல் ஒரு பயணம்

மலையிலே பிறக்கும் ஆறுகள் ஆரவாரத்தோடு ஓடி வருவதை யாவரும் அறிவர். ஓசையின்றி, கண்ணுக்குப் புலனாகாதவாறு மெல்ல நகரும் ஆறுகளும் உலகில் உள்ளன. அவையே பனியாறுகள். அத்தகைய ஆறு ஒன்றை வானிலிருந்து காணும் வாய்ப்பு நியூசிலாந்து நாட்டிற்குச் செல்வோர்க்குக் கிட்டுகிறது.

அந்நாட்டின் தென் தீவில், தென் ஆல்ப்ஸ் என்னும் மலைத்தொடர் நெடுஞ்சுவர்போல் நிற்கிறது. மேற்கிலுள்ள தாஸ்மன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அம்மலைகளில் மோதி மேலெழுந்து குளிர்கிறது. அடிவாரத்தில் மழையாகவும் உச்சியில் பனியாகவும் பொழிகிறது. ஆண்டுதோறும் விழும் பனி அடுக்கடுக்காகப் படிகிறது. மேலடுக்குகளின் சுமையால் கீழடுக்குகள் நெருக்குண்டு, கெட்டியான பனிக்கட்டியாக மாறுகின்றன. அப்பனிக்கட்டி தன் எடையாலேயே சரிவில் இறங்குகிறது. இவ்வாறு இறங்கும் பனியாறுகளுள் ஒன்று பிரான்ஸ் ஜோசப் என்பது. 1865ஆம் ஆண்டில் ஜூலியஸ் வான் ஹாஸ்ட் என்னும் நிலவியல் அறிஞர், ஆஸ்திரியப் பேரரசரின் பெயரை அதற்கு இட்டார்.

ஆயினும், அந்நாட்டின் தொல்குடியினராகிய மவோரி மக்கள் அதனை 'ஹினே ஹுகாதெரேயின் கண்ணீர்' என்று வழங்கி வந்தனர். ஹினே ஹுகாதெரே மலையேறுவதில் வேட்கை மிக்க நங்கை. அவள் தன் காதலன் வாவேயையும் உடன் அழைத்துச் சென்றாள். பனிச்சரிவு ஒன்று அவனை அடித்துச் சென்றது. அவள் ஆறாத் துயருடன் வடித்த கண்ணீரே உறைந்து பனியாறாயிற்று என்பது அம்மக்களின் கதை.

இப்பனியாற்றைக் காண்பதற்கு ஏற்ற ஊர்தி ஹெலிகாப்டர். சாதாரண விமானம் ஓடுதளத்தில் ஓடிய பின்னரே எழும்பும். ஹெலிகாப்டரோ நின்ற இடத்திலிருந்தே எழும்பும். வானில் ஓரிடத்தில் நிற்கவும் செய்யும். அதன் தலைமேல் சுழலும் நீண்ட தகடுகள் காற்றைக் கீழே தள்ளி ஊர்தியை உயர்த்துகின்றன. தகடுகள் ஒரு திசையில் சுழலும்போது ஊர்தியின் உடல் எதிர்த்திசையில் சுழல முற்படும். அதனைத் தடுப்பது வாலிலுள்ள சிறு சுழலி.

புறப்படுமுன் பயணிகளின் எடையைக் கணக்கிட்டு, ஊர்தி ஒருபுறம் சாயாதவாறு அவர்களை அமர்த்துவர். வால் சுழலியின் பக்கம் எவரும் செல்லலாகாது என்பது கண்டிப்பான விதி.

ஊர்தி எழும்பியதும், முதலில் அடர்ந்த மழைக்காடு கீழே பச்சைக் கம்பளமாய் விரிகிறது. அதனருகே வைஹோ ஆறு சாம்பல் நிறத்துடன் ஓடுகிறது. பனியாறு அரைத்த பாறைத்தூளே அந்நிறத்திற்குக் காரணம். மேலே செல்லச் செல்ல, பிளவுகள் நிறைந்த பனிப்படிகள் தோன்றுகின்றன. பிளவுகளின் ஆழத்தில் நீல ஒளி மின்னுகிறது. கெட்டியான பனிக்கட்டி சூரிய ஒளியின் சிவப்பு நிறத்தை ஈர்த்துக்கொள்வதால், நீலமே எஞ்சி நம் கண்ணை அடைகிறது.

பின்னர் ஊர்தி உச்சியிலுள்ள வெண்பனி வெளியில் இறங்குகிறது. அங்கிருந்து நோக்கினால் நாற்புறமும் வெண்முடி தரித்த சிகரங்கள் நிற்கின்றன. 3724 மீட்டர் உயரமுள்ள ஆவோராகி சிகரம் இம்மலைத்தொடருக்கு அரசனாய் விளங்குகிறது. 1953ஆம் ஆண்டில் டென்சிங்குடன் எவரெஸ்டை வென்ற எட்மண்ட் ஹில்லாரி, மலையேறப் பழகியது இம்மலைகளிலேதான்.

இப்பயணம் விளையாட்டன்று. உயரத்தில் காற்று மெலிவதால் தகடுகளின் தூக்கும் ஆற்றல் குறைகிறது. மேகம் சூழ்ந்தால் வானும் பனியும் ஒரே வெண்மையாகித் தரை எதுவென்று தெரியாமற் போகும். ஆகவே, மேகம் கண்டவுடன் பயணத்தைக் கைவிடும் விமானியே சிறந்த விமானி. கட்டணம் செலுத்தியவர்கள் வருந்தினாலும் அவர் இணங்குவதில்லை.

திரும்பும் வழியில் வேறொரு காட்சி உள்ளத்தை வருத்துகிறது. பள்ளத்தாக்கின் இருமருங்கும் பாறைகள் செடிகொடியின்றி வெறுமையாய் நிற்கின்றன. ஒரு காலத்தில் பனியாறு அவ்வளவு உயரத்திற்கு நிறைந்திருந்தது. 1983ஆம் ஆண்டிற்குப் பின் பல ஆண்டுகள் முன்னேறி வந்த அது, 2008ஆம் ஆண்டிற்குப் பின் விரைந்து பின்வாங்கலாயிற்று. முன்னர் மக்கள் வழிகாட்டியுடன் பள்ளத்தாக்கிலிருந்து நடந்தே பனியின்மேல் ஏறினர். பனி உருகி, சரிவுகள் நிலைகுலைந்ததால், 2012ஆம் ஆண்டில் அவ்வழி கைவிடப்பட்டது. இன்று பனியின்மீது கால் வைக்க விரும்புவோர் ஹெலிகாப்டரிலேயே செல்ல வேண்டியிருக்கிறது.

உலகம் வெப்பமடைவதே இவ்வுருக்கத்திற்குத் தலையாய காரணம். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் எழும் கரியமில வாயு, வெப்பத்தைப் போர்வைபோல் தடுத்து வைக்கிறது. பனியாற்றைக் காணச் செல்லும் ஊர்தியும் எண்ணெயை எரித்தே பறக்கிறது என்பதை நினைக்கும்போது, பயணியின் மகிழ்ச்சியில் ஒரு கவலையும் கலக்கிறது. பனியாறுகளின் நிலையை மக்கள் உணரும்பொருட்டு, ஐக்கிய நாடுகள் சபை 2025ஆம் ஆண்டைப் பனியாறுகளைக் காக்கும் ஆண்டாக அறிவித்தது.

ஹினே ஹுகாதெரேயின் கண்ணீர் உறைந்து பனியாறாயிற்று என்றனர் முன்னோர். அப்பனியாறு இன்று மீண்டும் நீராய்க் கரைந்து வழிகிறது. அன்றைய கண்ணீருக்குப் பனிச்சரிவு காரணமாயிற்று; இன்றைய உருக்கத்திற்கு மனிதரின் செயல் காரணமாகிறது. காரணம் நம்மிடம் இருப்பதால், அதனைக் குறைக்கும் கடமையும் நம்முடையதே.