ஆற்றலும் அளவறிதலும்: பந்தெறி வல்லுநர் மாத்யூசன்

பேராற்றல் படைத்தோர் உலகிற் பலர்; அவ்வாற்றலைச் செலவிடும் அளவறிந்தோர் சிலரே. உடல்வலி ஒன்றே வெற்றிக்குப் போதுமென்று பலரும் கருதும் விளையாட்டுத் துறையிலும், இவ்வளவறிதலே தலைசிறந்தோரை ஏனையோரினின்றும் பிரித்துக் காட்டுகின்றது. இதனை விளக்குதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பேஸ்பால் ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டு 1900 முதல் 1916 வரை பந்தெறிந்து புகழெய்திய கிறிஸ்டி மாத்யூசனின் வரலாறு மிகவும் ஏற்றதாகும்.

ஆட்டத்தின் இயல்பு

கிரிக்கெட் ஆட்டத்தை அறிந்தார்க்குப் பேஸ்பாலின் இயல்பு எளிதில் விளங்கும். கிரிக்கெட்டில் பந்தெறிபவர் ஓடிவந்து, பந்தைப் பெரும்பாலும் நிலத்தில் மோதி எழச் செய்கின்றார். பேஸ்பாலிலோ, அவர் ஓரிடத்தில் நின்றே, 60 அடி 6 அங்குலத் தொலைவிலுள்ள தட்டை நோக்கி வீசுகின்றார். பந்து தரையிற் படாது, மட்டையாளரின் மார்புக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட உயரத்தில், அத்தட்டின் மேலாகச் செல்லுதல் வேண்டும். அங்ஙனம் வருவனவற்றில் மூன்றை அடிக்கத் தவறியவர் ஆட்டமிழப்பர். அவ்வெல்லைக்குப் புறம்பாக நான்கு பந்துகள் சென்றுவிடின், மட்டையாளர் அடியாமலே முதல் தளத்தை இனாமாக அடைவர்.

ஆகவே பந்தெறிவோர்க்கு இரு கடமைகள் உள. மட்டையாளரை ஏமாற்றுதல் ஒன்று. இனாம் கொடாதிருத்தல் மற்றொன்று. வேகத்தையே நாடின் குறி தவறும். குறியையே கருதின் வேகம் குன்றும். அன்றியும், மாத்யூசனின் காலத்தில் ஓர் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸ்களையும் பெரும்பாலும் ஒருவரே எறிந்து முடிப்பது வழக்கமாதலின், தொடக்கத்திலேயே வலிமையனைத்தையும் செலவிட்டவர் முடிவில் வறியராய் நிற்க நேரும்.

கல்வியும் தொடக்கமும்

மாத்யூசன் 1880-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் பென்சில்வேனியா மாகாணத்து ஃபேக்டரிவில் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பின்னர் லூயிஸ்பர்க் நகரத்து பக்னெல் கல்லூரியிற் சேர்ந்தார். அது பாப்டிஸ்ட் சபையினர் தோற்றுவித்த கலாசாலை. அங்கே வகுப்புத் தலைவராயும், இலக்கியச் சங்க உறுப்பினராயும், கால்பந்து வீரராயும் திகழ்ந்தார். கூலிக்குப் பேஸ்பால் ஆடுதல் நன்மக்கட்கு உரிய தொழிலன்று என்று பலர் எண்ணிய அக்காலத்தில், கல்லூரி மாணவர் ஒருவர் அதிற் புகுந்தமை அரிய செயலேயாம்.

தொடக்கம் இனிதாயிருக்கவில்லை. 1900-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் கழகத்திற்காக எறிந்தபோது மூன்று தோல்விகளைக் கண்டார், வெற்றி ஒன்றுமில்லை. ஆயினும் அடுத்த ஆண்டிலேயே அதே கழகத்திற்காக 20 ஆட்டங்களை வென்றார்.

வெற்றிகள்

1903 முதல் 1914 வரை பன்னிரண்டு ஆண்டுகள் இடைவிடாது, ஆண்டுதோறும் இருபதுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் வெற்றி கண்டார். அவற்றுள் 1903-இல் 30, 1904-இல் 33, 1905-இல் 31, 1908-இல் 37 என நான்கு ஆண்டுகளில் முப்பதையும் எட்டினார். மொத்தம் 373 வெற்றிகளும் 188 தோல்விகளும் இவர் கணக்கில் உள்ளன.

இவற்றினும் வியத்தகுவது 1905-ஆம் ஆண்டின் உலகத் தொடர். அக்டோபர் 9, 12, 14 ஆகிய நாட்களில் ஃபிலடெல்ஃபியா கழகத்தாரை எதிர்த்து மூன்று முழு ஆட்டங்களை எறிந்தார். ஆறு நாட்களுக்குள் எறிந்த அந்த 27 இன்னிங்ஸ்களில் எதிரிகள் ஓர் ஓட்டமும் பெற்றிலர். இவர் இனாமாகத் தளம் அளித்ததோ ஒரே ஒருவர்க்கு.

அக்காலத்துப் பந்து அவ்வளவாகத் துள்ளாதது. ஒரே பந்தை நெடுநேரம் ஆடுதலும் வழக்கம். ஆதலின் 1920-க்குப் பிற்பட்ட வீரர்தம் எண்களோடு இவருடைய எண்களை அப்படியே ஒப்பிடுதல் நேரிதன்று என்பர். அது மெய்யே. ஆயின் இனாமாகத் தளம் கொடாமை பந்தின் தன்மையாலன்று, எறிபவரின் கட்டுப்பாட்டாலேயே விளைவது. 1913-இல் இவர் 306 இன்னிங்ஸ்களில் 21 பேர்க்கே இனாம் அளித்தார். அவ்வாண்டில் தொடர்ந்து 68 இன்னிங்ஸ்கள் ஒருவர்க்கேனும் அளித்திலர். இவரது திறத்திற்கு இதுவே ஐயமற்ற அளவுகோல்.

முறை

1912-இல் இவர் பெயரால் வெளிவந்த 'பிட்சிங் இன் எ பிஞ்ச்' என்னும் நூலின் தலைப்பே இவர் முறையைப் புலப்படுத்தும். நெருக்கடியிற் பந்தெறிதல் என்பது அதன் பொருள். தளங்கள் வெறுமையாயிருக்கையில் இவர் அடக்கமாய் எறிவார். எதிரிகள் தளங்களில் நிற்கும் நெருக்கடியில் முழு வலியையும் காட்டுவார். வலக்கைக்காரர் எறியும் வளைபந்து வழக்கமாகச் செல்லும் திசைக்கு மாறாக வளையும் 'ஃபேடவே' என்னும் பந்து இவருக்குச் சிறப்பாயுரியது. அது கையைப் பெரிதும் வருத்துமாதலின், ஓர் ஆட்டத்திற் சில முறையே அதனைக் கையாண்டார்.

தோல்வி

இவர் தோல்வியிலும் ஒரு பாடம் உளது. 1912-ஆம் ஆண்டு உலகத் தொடரின் இறுதி ஆட்டம் பாஸ்டன் நகரில் நடைபெற்றது. பத்தாம் இன்னிங்ஸில் நியூயார்க் 2–1 என முந்தி நின்றது. அப்போது ஸ்னாட்கிராஸ் என்னும் நியூயார்க் வீரர் எளிதிற் பிடிக்கத்தக்க பந்தொன்றை நழுவவிட்டார். பின்னர், மூவர்க்கிடையே உயர்ந்து விழுந்த மற்றொரு பந்தையும் பிடிப்பாரிலர். பாஸ்டன் 3–2 என வென்றது. பழி முழுவதும் ஸ்னாட்கிராஸ் மேல் விழுந்து, அவர் வாழ்நாளெல்லாம் நீங்காதாயிற்று. ஆயின் வெற்றி ஓட்டத்தைப் பெற்றவர் யார்? மாத்யூசன் நான்கு பந்துகள் தவறி இனாமாகத் தளம் அளித்த யெர்க்ஸ் என்பாரே. இனாம் கொடாமைக்குப் பேர்பெற்றவர் கொடுத்த ஒன்றே அன்று விலையாயிற்று. ஒருவர்மேற் பழிசுமத்துமுன் கணக்கை முற்றும் நோக்குதல் வேண்டுமென்பதற்கு இதுவே சான்று.

ஒழுக்கமும் முடிவும்

தாய்க்களித்த வாக்கின்படி இவர் ஞாயிற்றுக்கிழமைகளிற் பந்தெறிய மறுத்துவந்தார். 1916-இல் சின்சினாட்டி கழகத்தின் மேலாளரானார். 1918-இல், பணம் பெற்று வேண்டுமென்றே தோற்றதாக ஐயுறப்பட்ட ஹால் சேஸ் என்னும் பெயர்பெற்ற ஆட்டக்காரரை ஆட்டத்தினின்றும் விலக்கினார். விசாரணை நடைபெற்றபோது மாத்யூசன் யுத்தப்பணியில் பிரான்சு தேசத்தில் இருந்தார், சான்று கூற இயலவில்லை, சேஸ் விடுவிக்கப்பட்டார். அடுத்த அக்டோபரிலேயே, 1919-ஆம் ஆண்டின் உலகத் தொடரைச் சிகாகோ வீரர் சிலர் பணத்திற்கு விற்ற பெரும்பழி நிகழ்ந்தது. மாத்யூசன் அஞ்சிய நோய் கற்பனையன்று என்பதை அப்போது யாவரும் உணர்ந்தனர்.

யுத்தத்தினின்றும் மீண்டபின் காசநோய் இவரைப் பற்றியது. சரனாக் ஏரிக்கரையிற் சிகிச்சை பெற்று, சிறிது தேறி, மீண்டும் நலிந்து, 1925 அக்டோபர் 7-இல், தம் 45-ஆம் வயதில் காலமானார். அவ்வாண்டின் உலகத் தொடர் தொடங்கிய நாளும் அதுவே. 1936-இல் பேஸ்பாலின் புகழ்மண்டபத்திற்கு முதன்முதல் தேர்ந்தெடுக்கப்பெற்ற ஐவருள் இவரும் ஒருவர். அவ்வைவருள் அன்று உயிரோடில்லாதவர் இவர் ஒருவரே.

மாணவ நண்பர்காள்! பரீட்சையிலாயினும் பணியிலாயினும், எப்போதும் முழு வலியையும் வீசி எறிபவர் விரைவிற் களைப்பர். எப்போதும் சேமித்தே வைப்பவர் ஒன்றும் வெல்லார். எது நெருக்கடி என்று தெளிந்து, அவ்வேளைக்கென ஆற்றலைக் காத்து, ஏனைய வேளைகளிற் குறி தவறாது ஒழுகுதலே இவ்வீரர் நமக்கு விட்டுச்சென்ற பாடமாகும்.