பந்தியில் தெரியும் விசுவாசம்



ஞாயிறு பூசை கண்டு, ஜெபமாலை சொல்லி, ஒருசந்தியும் இருந்துவிட்டால் போதும் என்று எண்ணுகிறவர்கள் நம் பங்கிலும் உண்டு. அவை வேண்டியவைதான். ஆனால் கோவில் வாசலைத் தாண்டினபின் அந்த விசுவாசம் எங்கே போகிறது?

அர்ச். தேவசகாயம் பிள்ளையைப் பாருங்கள். 1712-ல் நட்டாலத்தில் பிறந்தவர், திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர், மனைவியுள்ளவர். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபின் அவர் சந்நியாசம் வாங்கிக்கொள்ளவில்லை. இல்லறத்தாராகவே இருந்தார். ஆனால் சாதி வித்தியாசமின்றி எல்லாரும் சமமென்று பேசினார். அப்படியே பழகவும் செய்தார். அக்காலத்தில் அது லேசான காரியமா? விலங்கும் சிறையும் அனுபவித்து, 1752 ஜனவரி 14-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் பரிசுத்த பிதா பிரான்சிஸ் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் கொடுத்தார். இந்திய இல்லறத்தாரில் அதைப் பெற்ற முதல்வர் அவரே.

அதே வடக்கன்குளத்தில் பிற்காலத்தில் என்ன நடந்தது? கோவிலுக்குள்ளேயே சாதிக்கொரு புறமாய்ச் சுவர் நின்றது! 1910-ல் அதை இடித்ததற்காக வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. வழக்காடினவர்களும் பூசை கண்டவர்கள்தான்.

நம் கோவிலில் கற்சுவர் இல்லை. கலியாணப் பந்தியில்? இன்னாருக்கு முன்பந்தி, இன்னாருக்குக் கொல்லைப்புறத்தில் இலை என்று கேள்விப்படுகிறேன். தை மாதக் கலியாணங்களுக்கு ஓலை வாசிக்கச் சொல்லி வருகிற குடும்பத்தார், பந்தி ஏற்பாட்டையும் என்னிடம் சொல்லிவிட்டுப் போகட்டும்.