உப்பு லாரி வருது, வழி விடுங்க! – பிரிட்டன் கவுன்சில்கள் பனிக்காலத்தில் சாலைகளைக் காப்பது எப்படி?

உங்கள் மகனோ மகளோ லீட்ஸ், நியூகாசில், கிளாஸ்கோ என்று ஏதாவது ஓர் ஊரில் படித்துக்கொண்டிருக்கலாம். ஜனவரி மாதத்து இரவில் வீடியோ காலில் பேசும்போது, "அப்பா, மஞ்சள் லாரி ஒண்ணு ரோடு முழுக்க உப்பைத் தூவிட்டுப் போகுதுப்பா" என்று காட்டியிருப்பார்கள். வானத்தில் ஒரு துளி பனிகூட இருந்திருக்காது. அப்புறம் எதற்கு உப்பு?

இதைப் புரிந்துகொள்ள நம்ம ஊர் குல்ஃபிக்காரரின் பானை போதும். பானைக்குள் ஐஸ்கட்டியோடு கல் உப்பையும் போடுவார். உப்பு சேர்ந்தால் தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையாது, அதற்கும் கீழே போனால்தான் உறையும். சாலையிலும் இதே கணக்குதான். ஈரமான தார் ரோட்டில் முன்கூட்டியே உப்பு கலந்துவிட்டால் அந்த ஈரம் பனிக்கட்டியாக மாறாது. குளிர் மைனஸ் 8, மைனஸ் 10 டிகிரியைத் தாண்டினால் உப்பின் வேலை வெகுவாகக் குறைந்துவிடும். இங்கிலாந்தின் பெரும்பாலான இரவுகள் அந்த அளவுக்குப் போவதில்லை.

உண்மையான ஆபத்து முழங்கால் அளவு வெள்ளைப் பனி இல்லை. அது கண்ணுக்குத் தெரியும், வண்டியை வீட்டிலேயே நிறுத்திவிடலாம். கண்ணாடி மாதிரி மெல்லிசாகப் படியும் உறைபனிதான் ஆளைக் கவிழ்க்கும். அதன் வழியே தாரின் கறுப்பு அப்படியே தெரிவதால் அங்கே அதைக் 'கரும்பனி' என்றே சொல்கிறார்கள். ரோடு சும்மா ஈரமாக இருப்பதுபோலத்தான் தோன்றும். பனிக்கட்டி மேல் பிரேக் பிடித்தால், வண்டி நிற்க உலர்ந்த சாலையைவிடப் பத்து மடங்கு தூரம்கூட ஆகலாம் என்று அந்நாட்டு சாலை விதிக் கையேடு எச்சரிக்கிறது.

மதியமே முடிவாகிவிடும்

முதலில் யாருடைய சாலை என்று பார்த்துவிடுவோம். இங்கிலாந்தில் மோட்டார்வே, முக்கிய 'ஏ' சாலைகள் ஆகியவற்றை நேஷனல் ஹைவேஸ் என்ற அரசு நிறுவனம் கவனிக்கிறது. மற்ற பொதுச்சாலைகள் உள்ளூர் கவுன்சிலின் பொறுப்பு. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை கவுன்சிலில் இதற்கென அதிகாரிகள் முறைவைத்துப் பணியில் இருப்பார்கள்.

அவர்கள் பார்ப்பது டிவியில் சொல்லும் காற்றின் வெப்பநிலையை அல்ல, சாலைப் பரப்பின் வெப்பநிலையை. தார்ப் பரப்பிலேயே சென்சார் பதித்திருக்கிறார்கள். மேகமில்லாத இரவில் ரோடு தன் சூட்டை வேகமாக இழந்துவிடும். காற்று 3 டிகிரி காட்டும்போதே தரை பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும். வானிலை ஆய்வாளர்கள் தரும் கணிப்பை வைத்து, இன்றிரவு எந்தெந்தப் பாதையில், எத்தனை மணிக்கு, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் உப்பு என்று மதிய வேளையிலேயே முடிவெடுத்துவிடுவார்கள்.

சாதாரண உறைபனி இரவுக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிராம். கேட்க ரொம்பக் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் 7 மீட்டர் அகலச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு அதுவே 70 கிலோ. கடும்பனி என்றால் 20, 40 கிராம்வரை போகும். இது நம் சமையலறை வெள்ளை உப்பு இல்லை, செஷயரில் உள்ள வின்ஸ்ஃபோர்டு போன்ற சுரங்கங்களில் வெட்டி எடுக்கும் பழுப்பு நிறப் பாறை உப்பு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சாயங்காலம் மழை பெய்து, நள்ளிரவில் வானம் தெளிந்து உறையத் தொடங்கினால் என்ன செய்வது? மழைக்கு முன் தூவினால் உப்பு முழுக்க அடித்துக்கொண்டு போய்விடும். மழை நின்றபின் தூவலாம் என்றால், லாரி எல்லாப் பாதைகளையும் சுற்றி முடிப்பதற்குள் சில இடங்கள் உறைந்துவிடும். தூவிய உப்பு வேலை செய்ய அதன்மேல் வண்டிகள் ஓடி அரைக்கவும் வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத ஞாயிறு விடிகாலையில் உப்பு போட்ட ரோடும் வழுக்கக்கூடும். "உப்பு போட்டாச்சு, இனி பயமில்லை" என்று நினைப்பது தப்பு.

எல்லாத் தெருவுக்கும் லாரி வராது. ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம், பஸ் போகும் வழி, ஊர்களை இணைக்கும் பெரிய சாலை ஆகியவைதான் முதலில். குடியிருப்புத் தெருக்கள் பலவற்றுக்கு லாரி வரவே வராது. வரி கட்டுகிறவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனாலும் ஆம்புலன்ஸ் போகும் வழியை முதலில் பார்ப்பதே நியாயம்.

கோர்ட் சொன்னதும் சட்டம் மாறியதும்

இது கவுன்சிலின் கடமையா, சலுகையா? 1991 நவம்பரில் கிழக்கு சசெக்ஸில் ஒருவரின் கார் கரும்பனியில் சறுக்கிப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியது. அவர் உடல் கிட்டத்தட்ட முழுவதும் செயலிழந்துவிட்டது. அன்று காலை உப்பு லாரிகள் கிளம்பியிருந்தன, அந்த இடத்துக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. வழக்கு பிரபுக்கள் அவைவரை போனது. சாலையைப் 'பராமரிக்கும்' கடமையில் பனிக்கட்டியை அகற்றுவது அடங்காது என்று 2000-இல் தீர்ப்பு வந்தது. அவருக்கு இழப்பீடு கிடைக்கவில்லை.

பிறகு 2003 ஜனவரி கடைசியில், எம்11 மோட்டார்வேயில் பனியில் சிக்கிய ஆயிரக்கணக்கானோர் விடிய விடிய வண்டிக்குள்ளேயே கிடந்தார்கள். அதே ஆண்டு 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தில் 41-ஆம் பிரிவுடன் ஒரு வரி சேர்க்கப்பட்டது. பனியாலும் பனிக்கட்டியாலும் சாலைப் பயணத்துக்கு ஆபத்து வராமல், நடைமுறையில் நியாயமாக இயன்ற வரை பார்த்துக்கொள்வது சாலை நிர்வாகத்தின் கடமை. அந்த 'இயன்ற வரை' என்ற சொல் கவுன்சிலுக்கும் ஒரு பாதுகாப்பு. அதனால்தான் குளிர்காலப் பணித் திட்டத்தை எழுதி வெளியிடுகிறார்கள், எந்த லாரி எப்போது எங்கே போனது என்று பதிவும் வைக்கிறார்கள். இது இங்கிலாந்து, வேல்ஸ் கதை. ஸ்காட்லாந்தில் 1984 சட்டத்திலேயே இப்படி ஒரு கடமை இருந்தது.

2009–10 குளிர்காலம் வேறொரு பாடம். குளிர் நீண்டுகொண்டே போக, உப்பு தட்டுப்பாடு வந்துவிட்டது. கையிருப்பைப் பங்கிட்டுக் கொடுக்க அரசே தலையிட வேண்டியதாயிற்று. அதன்பின் டேவிட் குவார்ம்பி தலைமையில் நடந்த ஆய்வு, 48 முறை தூவும் அளவுக்காவது கையிருப்பு வையுங்கள் என்று கவுன்சில்களுக்குப் பரிந்துரைத்தது.

கைப்பேசியில் என்ன பார்க்கலாம்?

அங்கே இருப்பவர்களுக்கு இதை அனுப்பிவையுங்கள். கவுன்சில் இணையதளத்தில் உப்பு தூவும் பாதைகளின் வரைபடம் இருக்கும். தம் தெரு அதில் இருக்கிறதா என்று நவம்பருக்குள் பார்த்துவிடட்டும். எந்தக் கவுன்சில் என்று தெரியாவிட்டால் அரசின் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் போதும். ஸ்காட்லாந்தின் முக்கியச் சாலைகளில் லாரி இப்போது எங்கே ஓடுகிறது என்பதையே வரைபடத்தில் நேரலையாகப் பார்க்கலாம். அந்த லாரிகளுக்கு மக்கள் வைத்த பெயர்கள் தனி ரகம்: 'கிரிட்னி ஸ்பியர்ஸ்', 'கிரிட்டி கிரிட்டி பேங் பேங்'. உப்பு தூவுவதற்கு அவர்கள் மொழியில் 'கிரிட்' என்று பெயர், அதை வைத்துச் செய்த குறும்பு. குழந்தைகள் லாரியைத் தேடுவதற்காகவே அந்தப் பக்கத்தைத் திறப்பார்கள் போல!

மேட்டுத் தெருக்களின் முனையில் மஞ்சள் பெட்டி ஒன்று நிற்கும். அதில் உள்ள உப்பு பொதுச்சாலைக்கும் நடைபாதைக்கும் தான். சொந்த வீட்டு வாசலுக்கு அள்ளக்கூடாது. பெட்டி காலியானால் கவுன்சில் இணையதளத்திலேயே புகார் கொடுக்கலாம்.

வீட்டு முன்னால் பனியை அள்ளிய பிறகு யாராவது வழுக்கி விழுந்தால் கேஸ் போடுவார்களோ என்ற பயம் அங்கே பலருக்கு உண்டு. கவனமாகச் செய்தால் அப்படி நடக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று அரசே சொல்கிறது. காலையிலேயே அள்ளிவிடுவது சுலபம். அப்புறம் சதுர மீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு தூவலாம், சமையல் உப்பே போதும். சுடுதண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டாம். அது உறைந்து கரும்பனி ஆகிவிடும்.