அறுபதைத் தாண்டினால் பிரஷர் கூடத்தானே செய்யும்?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் கிளினிக் கொப்பியோடு காத்திருக்கும் முதியவர்கள் ஏராளம். பிரஷர் பற்றி அவர்களிடையே உலவும் சில நம்பிக்கைகள் உயிருக்கே உலை வைப்பவை.

நம்பிக்கை 1: வயதோடு நூறைக் கூட்டினால் வருவதே சரியான பிரஷர்.

உண்மை: இந்தக் கணக்கின்படி 70 வயது ஐயாவுக்கு 170 வரை இருக்கலாம். ஒருகாலத்தில் வைத்தியர்களே இப்படிச் சொன்னதுண்டு. இன்று வயது வந்த எவருக்கும் திரும்பத் திரும்ப அளந்து 140/90ஐ எட்டினால் அது உயர் குருதியமுக்கம்தான். 80 வயதைக் கடந்தவர்களிடம் நடத்திய ஹைவெட் ஆய்வு 2008இல் வெளியானது. அதில் பிரஷர் குளிசை எடுத்தவர்களிடையே இறப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இதயச் செயலிழப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. வயதோடு பிரஷர் ஏறியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. அமேசன் காட்டின் யனோமாமி மக்களுக்கு வயது ஏறினாலும் பிரஷர் ஏறுவதில்லை என்பதை 1988இல் இன்டர்சால்ட் ஆய்வு காட்டியது. அவர்களின் உணவில் உப்பு மிக மிகக் குறைவு.

நம்பிக்கை 2: கீழ் எண் குறைவாக இருந்தால் பயமில்லை.

உண்மை: கொப்பியில் 164/72 என்று எழுதியிருந்தால் பலர் 72ஐப் பார்த்து ஆறுதல் அடைகிறார்கள். இதயம் இரத்தத்தைத் தள்ளும்போது பெருநாடி விரிந்து ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும். இதயம் ஓயும்போது சுருங்கி அதை முன்னே அனுப்பும். இந்த நெகிழ்வைத் தருபவை எலாஸ்டின் நார்கள். அவை பெரும்பாலும் சிறுவயதிலேயே உருவாகிவிடுகின்றன. நாளுக்கு ஏறத்தாழ 1 இலட்சம் துடிப்புகளைத் தாங்கி அவை அறுந்துபோக, விறைப்பான கொலாஜனும் கல்சியமும் சேர்ந்து நாடி இறுகுகிறது. விரிய முடியாத நாடியில் மேல் எண் ஏறும். சுருங்கித் தள்ள முடியாததால் கீழ் எண் இறங்கும். முதுமையில் இரண்டுக்கும் இடைவெளி 60ஐத் தாண்டினால் அது நாடி இறுகியதன் அடையாளம். 164/72இல் அந்த இடைவெளி 92.

நம்பிக்கை 3: பிரஷர் குளிசை சிறுநீரகத்தைப் பழுதாக்கும்.

உண்மை: வவுனியாவிலும் சுற்றுப்புறத்திலும் நாட்பட்ட சிறுநீரக நோயால் வாடியவர்களைக் கண்ட மக்களுக்கு இந்தப் பயம் வருவது இயல்பு. ஆனால் கேடு செய்வது கட்டுப்படாத பிரஷர்தான். இறுகிய நாடி ஒவ்வொரு துடிப்பின் அடியையும் தணிக்காமல் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வயல் வேலையால் வந்த முதுகு நோவுக்குக் கடையில் வாங்கித் தொடர்ந்து விழுங்கும் டைக்ளோபினாக் போன்ற நோவுக் குளிசைகளுக்கே அஞ்ச வேண்டும். அவை சிறுநீரகத்தையும் கெடுக்கும், பிரஷரையும் ஏற்றும்.

நம்பிக்கை 4: வெயிலில் வேர்வை சிந்துகிறவருக்கு உப்பு கெடுதி செய்யாது.

உண்மை: வெயிலுக்குப் பழகிய உடல் வேர்வையில் போகும் உப்பைக் குறைத்துக்கொள்ளும். தாகத்துக்குத் தேவை தண்ணீர். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பின் அளவு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உள்ளே. கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் மோர்மிளகாயும் ஒரே சாப்பாட்டில் சேர்ந்தால் அந்த எல்லை விரைவில் வந்துவிடும்.

நம்பிக்கை 5: தலையிடி, தலைச்சுற்று இல்லாவிட்டால் பிரஷரும் இல்லை.

உண்மை: பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. அளந்தால்தான் தெரியும். பஸ்ஸால் இறங்கி ஓடிவந்த மூச்சோடு கையை நீட்டாதீர்கள். 5 நிமிடம் முதுகு சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, பேசாமல் இருங்கள். அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் தேநீரும் புகையும் வேண்டாம்.

பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கைக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று அளந்து அறிவுரை சொன்னபோது மக்களின் பிரஷர் குறைந்ததை 2020இல் வெளியான ஆய்வு நிறுவியது. கிராமத்திலும் இதைக் கட்டுப்படுத்த முடியும். நாடி இறுகுவதை முழுதாகத் தடுக்க முடியாது. ஆனால் பிரஷரைக் கட்டுப்படுத்தினால் பாரிசவாதத்தைப் பெருமளவு தடுக்கலாம். உங்கள் அம்மம்மாவின் கொப்பியை இன்றைக்கே எடுத்து மேல் எண்ணைப் பாருங்கள். 140ஐ எட்டியிருந்தால் அடுத்த கிளினிக்குக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். வைத்தியரைக் கேட்காமல் எந்தக் குளிசையையும் நிறுத்த விடாதீர்கள்.