களத்துமேடு வீரப்பூராகும் இரவு

சூலூர்

அன்புள்ள கயல் அம்மிணிக்கு,

அப்பச்சி எழுதுகிறேன். வாக்னரின் இசைநாடகமான ‘பார்சிஃபால்’ பார்த்ததாகவும், காடு கோயிலாக மாறியபோது உடம்பு சிலிர்த்ததாகவும் எழுதியிருந்தாய். பாட்டால் ஓர் இடம் எப்படிப் புனிதமாகிறது என்று கேட்டாயே, அதற்குப் பதில் நம்ம பக்கமும் இருக்கிறது கண்ணு.

முதலில் நீ பார்த்ததையே எடுத்துக்கொள். 1882 ஜூலை 26 அன்று ஜெர்மனியின் பைராய்ட்டில் ‘பார்சிஃபால்’ முதன்முதலாக அரங்கேறியது. வாக்னர் தனக்கென்றே கட்டிய அரங்கம் அது. வாத்தியக்காரர்களை மேடைக்கடியில் பள்ளத்தில் மறைத்துவிட்டார். பாத்திரங்கள் நடக்க நடக்க, உருளையில் சுற்றிய ஓவியத்திரை நகர்ந்து காட்டைக் கோயிலாக்கியது. அந்தக் கோயிலுக்கு மாதிரி இத்தாலியின் சியேனா பேராலயம். இதை ஆப்பரா என்று சொல்ல மனமில்லாமல், மேடையைப் புனிதமாக்கும் விழா நாடகம் என்றே பெயர் வைத்தார். பைராய்ட்டைத் தாண்டி எங்கும் ஆடக்கூடாது என்பது அவர் ஆசை. ஆனாலும் 1903இல் நியூயார்க்கில் ஆடிவிட்டார்கள்.

இனி நம்ம பக்கத்து அண்ணமார் கதைக்கு வா, பொன்னர் சங்கர் என்ற அண்ணன் தம்பியின் கதைப்பாட்டு அது. 1965இல் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் இதை ஒலிநாடாவில் பதிந்தார். பாடி முடிக்க 18 இரவுகள் ஆயின! பொன்னரும் சங்கரும் மாண்ட வீரப்பூர், மணப்பாறைப் பக்கம் இருக்கிறது. ஆனால் கொங்கில் அண்ணமார் கோயில் உள்ள ஊர்களிலும், அவர்கள் வீழ்ந்ததை நினைத்துப் படுகளம் விழுகிறார்கள். அதற்குத் திரைச்சீலை எதுவும் கிடையாது. களத்துமேட்டில் ஓர் உடுக்கை போதும்.

பாட்டுக்காரரின் இடது கையைப் பார். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை விரல்கள் இறுக்கும்போது ஓசை விம்மி மேலேறும், தளர்த்தினால் இறங்கும். சங்கர் சாயும் கட்டம் வந்ததும் அந்த விம்மல் வேகமெடுக்கும். அதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர் அருள் வந்து எழுந்து ஓடி, மண்ணில் விழுவார். அவருக்குப் பின் இன்னொருவர். வரிசையாகக் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்துவார்கள். கதையில் தங்கை அருக்காணித் தங்கம் பெரியகாண்டியம்மன் அருளால் அண்ணன்மாரை எழுப்புகிறாள். இங்கேயும் தங்கமாக வரும் பெண் தண்ணீர் தெளிக்க, ஒவ்வொருவராக எழுவார்கள்.

பைராய்ட்டில் சனம் இருட்டில் உட்கார்ந்து கோயிலைப் பார்த்தது. இங்கே பார்க்க வந்தவரே படுகளத்தில் கிடக்கிறார். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. நம்ம ஊர் என்பதற்காகச் சொல்லவில்லை. நெல்லடிக்கிற இடமும் களம், போர் நடக்கிற இடமும் களம், வீரர் வீழ்ந்து கிடக்கிற இடமும் களம். நம்ம மொழி மூன்றையும் ஏற்கெனவே ஒன்றாக்கி வைத்திருப்பதால்தான், உடுக்கை விம்மியதும் சோளம் காய்ந்த மண் வீரப்பூராகிவிடுகிறது.

மாசியில் லீவு போட்டு வா சாமி. அம்மாயியும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உடுக்கை தொடங்கியதும் யாரும் சொல்லாமலே எல்லாரும் செருப்பைக் கழற்றிக் களத்துக்கு வெளியே விடுவார்கள். நீ என் செருப்புக்குப் பக்கத்திலேயே உன்னுடையதையும் விடு. விடியற்காலை இருட்டில் தேட வேண்டியிருக்காது.

அன்புடன்,
அப்பச்சி