காலுக்கேற்ற காலணியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

நாள்தோறும் நடைப்பயிற்சி மேற்கொள்ளுமாறு நாங்கள் அறிவுறுத்தும்போது, பலரும் உடனே கேட்பது, "எந்த ஷூ வாங்கலாம், டாக்டர்?" என்பதே. குதிகால் வலி உள்ளவர், தட்டைப்பாதம் உள்ளவர், மூட்டுத் தேய்மானம் உள்ளவர், நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் ஆகிய அனைவருக்கும் ஒரே விடையைக் கூற இயலாது. எனினும், காலணி வாங்கும் ஒவ்வொருவரும் தாமே சோதித்து அறியக்கூடிய சில நெறிகள் உண்டு.

விலையன்று, பொருத்தமே முதன்மை

ஓட்டப்பயிற்சிக்கென உருவாக்கப்பட்ட காலணிகள் எடை குறைந்தவை. தரையின் அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தென்ற அடிப்பகுதி உடையவை. ஆகவே அவை நடப்பதற்கும் ஏற்றவை. ஆனால், 'உங்கள் பாத வளைவுக்கு இந்த வகைதான் வேண்டும்' என்று கடையில் கூறப்படுவதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அமெரிக்கப் படைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இது ஆராயப்பட்டது. பாதத்தின் அமைப்பைப் பார்த்துக் காலணி வழங்கப்பட்டவர்களுக்கும், அவ்வாறு பாராமல் ஒரே வகைக் காலணி வழங்கப்பட்டவர்களுக்கும் இடையே, காயம் ஏற்படுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பாதத்தில் உணர்ச்சி நன்றாக உள்ளவருக்கு, அணிந்து நடக்கும்போது தோன்றும் சுகமே நல்ல வழிகாட்டி.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

மாலையில் கடைக்குச் செல்லுங்கள். பகல் முழுவதும் நின்றும் நடந்தும் பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த காலணி மாலையில் இறுக்குவது இதனால்தான். வழக்கமாக அணியும் காலுறையையும், மருத்துவர் அளித்த பாதத் தாங்கி இருப்பின் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

நின்ற நிலையில் இரு பாதங்களையும் அளக்கச் சொல்லுங்கள். பலருக்கு ஒரு பாதம் சற்றுப் பெரிதாக இருக்கும். அதற்கேற்ற அளவையே வாங்க வேண்டும். ஒரே எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால், எண்ணை மட்டும் சொல்லி வாங்குவது தவறு.

மிக நீண்ட விரலுக்கும் காலணியின் முனைக்கும் இடையே ஏறத்தாழ 1 செ.மீ. இடைவெளி வேண்டும். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விரிந்திருக்கப் போதிய அகலமும் வேண்டும். ஐயம் இருந்தால், ஒரு தாளின்மீது நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, காலணியின் உள்ளே உள்ள இன்சோலை எடுத்து அதன்மேல் வைத்துப் பாருங்கள். கோடு இன்சோலுக்கு வெளியே தெரிந்தால், அக்காலணி உங்களுக்குரியதன்று.

அடுத்து, காலணியைக் கையில் எடுங்கள். குதிகாலைச் சூழ்ந்துள்ள பின்பகுதியை இரு விரல்களால் அழுத்தினால் அது எளிதில் அமுங்கக் கூடாது. முனையையும் பின்பகுதியையும் பிடித்து மடக்கினால், விரல்கள் தொடங்கும் இடத்தில்தான் வளைய வேண்டும். நடுவில் வளையக் கூடாது. ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்க முடிந்தால், அதில் பாதத்துக்குப் பிடிமானம் இராது. இறுதியாக, இரு காலிலும் அணிந்து கடைக்குள்ளேயே சில நிமிடங்கள் நடங்கள். குதிகால் நழுவினாலோ எங்கேனும் உராய்ந்தாலோ வாங்காதீர்கள். 'போகப் போகத் தளர்ந்துவிடும்' என்பது நம்பத்தக்க வாக்குறுதியன்று.

சில பொதுவான பாதிப்புகள்

காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் குத்தினால், அது பெரும்பாலும் பாதத்தின் அடிச்சவ்வில் ஏற்படும் பாதிப்பாகும். இவர்களுக்கு மென்மையான மெத்தையும் உறுதியான பின்பகுதியும் உள்ள காலணி துணைபுரியும். வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் வெறுங்காலுடன் நடப்பது வலியைக் கூட்டும். வீட்டுக்கென ஒரு தனிச் செருப்பு வைத்துக்கொள்வது நன்று. கட்டைவிரல் மூட்டு புடைத்திருப்பவர்களுக்கு அகன்ற முன்பகுதி வேண்டும். மூட்டுத் தேய்மானம் உள்ளோர் உயர்ந்த குதிகால் செருப்பைத் தவிர்க்க வேண்டும். தட்டைப்பாதம் உள்ள அனைவருக்கும் தனிக்காலணி தேவையில்லை. வலி இருந்தால் மட்டும் எங்களிடம் காட்டுங்கள்.

நீரிழிவு உள்ளோர் கவனத்திற்கு

மேலே, சுகமே வழிகாட்டி என்றோம். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு அவ்விதி பொருந்தாது. அங்கே சுகம் ஏமாற்றும். இத்தகையோர் பலர், இறுக்கமான காலணியே பொருத்தமானது என எண்ணி வாங்குகின்றனர். இறுக்கினால்தான் காலில் ஏதோ இருப்பதை அவர்களால் உணர முடிகிறது. உராய்வினால் கொப்புளம் தோன்றினாலும் வலிக்காது. காலுறையில் கறை படிந்த பின்னரே பலர் புண்ணைக் கண்டறிகின்றனர். கவனிக்கப்படாத அப்புண் எலும்பு வரை பரவினால், விரலையோ காலையோ அகற்ற நேரிடுகிறது.

ஆகவே நீரிழிவு உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாத உணர்ச்சிச் சோதனை செய்துகொள்ள வேண்டும். மெல்லிய நைலான் இழை ஒன்றினால் பாதத்தைத் தொட்டுச் செய்யும் இச்சோதனை சில நிமிடங்களே பிடிக்கும், வலியும் இராது. உணர்ச்சி குறைந்திருப்பின், கடைக்காலணி போதுமா, எம்.சி.ஆர். செருப்பு போன்ற சிறப்புக் காலணி வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

புதுக்காலணியை முதல் சில நாட்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் அணியாதீர்கள். கழற்றியதும் பாதம் முழுவதையும் பாருங்கள். சிவந்த தடம் இருந்தால் அக்காலணியை மீண்டும் அணியாமல் எங்களிடம் கொண்டு வாருங்கள். அணியுமுன் உள்ளே கைவிட்டுச் சிறுகல், ஆணி முனை எதுவும் இல்லை என உறுதி செய்யுங்கள். கோயிலுக்குச் செல்வோர் கல்தளம் சுடுமுன் காலையிலேயே சென்று வருவது நலம். குனிந்து பார்க்க இயலாத முதியவரின் பாதத்தை, வீட்டிலுள்ள ஒருவர் நாள்தோறும் இரவில் பார்த்துவிட வேண்டும். இது பராமரிப்பாளரின் இன்றியமையாத கடமை.

எப்போது மாற்றுவது?

மேற்புறம் புதிதுபோல் இருந்தாலும் அடிமெத்தை உள்ளுக்குள் அமுங்கிவிடும். பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரை ஒரு காலணி தாங்கும் என்பர். நாள்தோறும் 4 கி.மீ. நடப்பவர் ஏறத்தாழ நான்கு முதல் ஆறரை மாதங்களில் அத்தொலைவைக் கடந்துவிடுவார்.

அடுத்த முறை எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, நீங்கள் அணிந்து பழகிய காலணியையும் உடன் கொண்டு வாருங்கள். அதன் அடிப்பகுதி தேய்ந்துள்ள விதம், உங்கள் பாதம் எங்கே அழுந்துகிறது என்பதை எங்களுக்குக் காட்டிவிடும்.